அண்ணனுக்கு ரெண்டு திட்டு, எனக்கு உடம்பெல்லாம்

ஐயா வணக்கம். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறேன், வயது 36. எனக்கும் அண்ணனுக்கும் சோரியாசிஸ் என்ற தோல் நோய். அவருக்கு முழங்கையில் ரெண்டு திட்டுதான், எனக்கு முதுகு, கை, கால் எல்லாம் செதில். மார்கழிக் குளிரில் வெடித்து ரத்தம் கசிகிறது. இங்கே ஒருவர் போடும் ஊசியில் சீக்கிரமே மறைகிறது, அப்புறம் இன்னும் அதிகமாக வருகிறது. கத்தரிக்காய், கருவாடு எல்லாம் விட்டாயிற்று, பீடியை மட்டும் விட முடியவில்லை. பாவம் செய்தவனுக்குத்தான் இப்படி வரும் என்கிறார் மாமியார். எனக்கு மட்டும் ஏன்?

ம., ராயக்கோட்டை

அன்புள்ள ம.,

பாவத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொட்டால் ஒட்டாது, பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்குங்கள். நோய் வரும் வாகு பரம்பரையாக வருவது, ஆனால் அது எவ்வளவு முற்றும் என்பதில் வேறு பல விஷயங்களும் சேர்ந்துகொள்கின்றன, அதனால்தான் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

என்னைப் பதறவைத்தது அந்த ஊசிதான். அவ்வளவு வேகமாக மறைகிறதென்றால் அது ஸ்டீராய்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதன் வேகம் அடங்கியதும் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பே சிவந்து சீழ்க்கொப்புளம் கிளம்பி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அடுத்த ஊசிக்குப் போகாதீர்கள். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்கள், பழைய சீட்டு, மருந்து அட்டை எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டு வந்தால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அப்புறம் உங்கள் வேலை. இந்த நோயில் தோல் எங்கே உரசிக் கீறுகிறதோ அங்கேயே புதுத் திட்டு கிளம்பும், கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். முன்கையின் உள்பக்கம், தக்காளிப் பெட்டியின் விளிம்பு அழுத்தும் இடத்தில், கோடு பிடித்தாற்போலச் செதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுத் தூக்குங்கள், செதிலை நகத்தால் பிய்க்காதீர்கள். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினால் மார்கழி வெடிப்பு குறையும்.

கருவாட்டை விட்டதற்குப் பதில் பீடியை விட்டிருக்கலாம். புகை, சாராயம், உடல் எடை மூன்றும் இதை ஏற்றிவிடும். மனக்கவலையும் அப்படித்தான், மாமியார் பேச்சும் அதில் சேர்த்தி. தொண்டைப் புண் வந்த பிறகு படை கூடுகிறதா, வேறு நோய்க்கு மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்த அழுத்த மாத்திரைகளில் சில இதைக் கிளப்பும்.

இந்த நோய்க்கு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எழுதிக்கொடுத்தால் அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலையில் விரல் மடக்க முடியாமல் வலித்தால் அதை மண்டி வேலை அசதி என்று விட்டுவிடாதீர்கள், இந்த நோய் மூட்டையும் பிடிக்கும், தாமதித்தால் விரல் கோணிப்போகும்.