ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயை அணைக்கச் சம்பளம் வாங்காத தொண்டர்களை ஏன் நம்பியிருக்கிறார்கள்?

பெரிய காட்டுத்தீ எல்லா ஆண்டும் வருவதில்லை. வந்தால் ஒரே நாளில் பல இடங்களில் மூள்கிறது. அதற்காக ஒவ்வொரு சிற்றூரிலும் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் காத்திருப்பது எந்த மாநிலத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 2,000 ஊர்த் தீயணைப்புப் பிரிவுகளும், அவற்றில் சுமார் 70,000 தொண்டர்களும் இருக்கிறார்கள். முன்பு அந்தந்த உள்ளாட்சியைச் சார்ந்திருந்த இப்பிரிவுகள், சிட்னியைச் சூழ்ந்த 1994 ஜனவரித் தீக்குப் பின் நடந்த விசாரணையின் விளைவாக, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரே தலைமையின்கீழ் வந்தன.

இரண்டாவது காரணத்தை, சிட்னிக்கு மேற்கே உள்ள புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் அப்படியொரு பிரிவில் 2018-இல் சேர்ந்த பிறகே புரிந்துகொண்டேன். எங்கள் தெருக்களில் பல, மலைமுகட்டின்மேல் ஓடிப் பள்ளத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பவை. புகை மூடிவிட்டால், எந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப முடியும், எந்த வீட்டின் பின்னால் தண்ணீர் எடுக்க நீச்சல்குளம் இருக்கிறது, எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்பதெல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரர் வண்டியில் இருக்க வேண்டும்.

மேலும், தொலைக்காட்சியில் காட்டும் தீச்சுவாலையோடு போராடும் நேரம் எங்கள் வேலையில் சொற்பம். தீ கடந்துபோன பிறகு கருகிய எல்லையோரமாக நடந்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே நீட்டி, சூடு தெரியும் இடத்தையெல்லாம் கிளறித் தண்ணீர் விடுவதிலேயே நாட்கள் கழியும். யூகலிப்டஸ் மரத்தின் வேர் மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்து, காற்று திரும்பும் நாளில் மீண்டும் பற்றிக்கொள்ளும். தீ இல்லாத மாதங்களில் முதியோர் வீட்டுக் கூரைத் தூம்புகளில் சேர்ந்த சருகை அள்ளுகிறோம். காற்றில் பறந்து வரும் கங்குகள் விழுந்துதான் பெரும்பாலான வீடுகள் எரிகின்றன.

இழப்பீடே கிடையாதா என்றால், மாதக்கணக்கில் எரிந்த 2019-20 பருவத்தில் மட்டும், வருமானம் இழந்த தொண்டர்களுக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலருக்கு மிகாமல் அரசு வழங்கியது. விதிவிலக்காக அது சரி. நிரந்தரச் சம்பளமாவதை நான் விரும்பவில்லை. எனக்கு அலுவலகத்தில் ஊதியத்துடன் விடுப்புக் கிடைத்ததால் இதைச் சொல்வது எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வண்டியை ஓட்டியவர் சொந்தத் தொழில் செய்யும் தச்சர். வாரக்கணக்கில் வருமானமின்றி வந்துகொண்டிருந்தார். அவர் அந்தத் தொகைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, படிவம் நீளமாக இருந்தது என்றார்.