துப்பாக்கி சுடுதலில் ஈடுபடுபவர்களுக்கு அன்றாடம் என்னென்ன கவலைகள் இருக்கும்? உரிமம் கிடைத்துவிட்டால் போதுமா?

கேள்வி கேட்டவர் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர நினைக்கிறார். சுடக் கற்றுக்கொள்வது போக வேறு எதற்கெல்லாம் மெனக்கெட வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். உரிமம் வாங்குவதுதான் பெரிய வேலை, அது கைக்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது என்று நினைக்கிறார் என்பதும் கேள்வியிலேயே தெரிகிறது.

நான் .22 ரைஃபிளும் (.22 என்பது அங்குலத்தில் குழலின் உள்விட்டம்), அழுத்தக் காற்றால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளும் சுடுகிறேன். உரிமம் முக்கியம்தான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது கார். வீட்டில் இருக்கும்போது துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், இருக்கும்போது அங்கே மேற்பார்வை செய்யும் ரேஞ்ச் ஆஃபீசர் சொன்ன பிறகுதான் யாரும் அதைத் தொடவே முடியும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது. அங்கே பெட்ரோல் போட நிற்க வேண்டும், டயர் பஞ்சராகும், பசிக்கும், யாராவது வழியில் இறக்கிவிடச் சொல்வார்கள். அந்த நேரம் முழுக்கத் துப்பாக்கிக்கு நீங்கள் ஒருவர்தான் காவல்.

முதலில் உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் .177 அளவுக்கு மிகாமல், 20 ஜூல் ஆற்றலுக்குள் சுடும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் சாதாரண ஏர் ரைஃபிளுக்கே சான்றிதழ் வேண்டும். ஆகவே நண்பர் சொன்னார், வேறு ஊரில் இப்படித்தான் என்று எதையும் நம்பி இறங்காதீர்கள். ஆனால் அதிகாரிகள் தெரிந்துகொள்ள விரும்புவது எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: நீங்கள் யார், எதற்காகத் துப்பாக்கி வேண்டும், அதை எங்கே பூட்டி வைப்பீர்கள். இதில் மூன்றாவது கேள்விக்குத்தான் புதியவர்கள் தயாராக இருப்பதில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பெட்டி வாங்கி, சுவரில் போல்ட் போட்டுப் பொருத்திவிடுங்கள். வீடு வாடகை என்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

உரிமம் கைக்கு வந்த அன்றே அதில் உள்ள வரிசை எண்ணைத் துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். 0-வுக்கும் ஓ-வுக்கும் உள்ள குழப்பம் பின்னாளில் ஒரு சாலைச் சோதனையில் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடும். காலாவதித் தேதியைக் கைபேசியில் குறித்து வைத்து, பல மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். வாகன ஓட்டுநர் உரிமம் காலாவதியானால் பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். துப்பாக்கி உரிமம் காலாவதியானால் உங்கள் பெட்டியில் இருப்பதே குற்றமாகிவிடலாம். வீடு மாறினாலும் இதே கதைதான், முகவரி மாற்றத்தைச் சாமான் ஏற்றுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. இது புரிந்துவிட்டால் கார் விஷயம் பாதி புரிந்த மாதிரி. உங்கள் உரிமத்தில் இருக்கும் ரைஃபிளை டிக்கியில் வைத்துக்கொண்டு, "நீ கொஞ்ச நேரம் ஓட்டு, நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன்" என்று கணவரிடமோ மனைவியிடமோ சாவியைக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உரிமம் இல்லாத ஒருவர் இப்போது துப்பாக்கி கொண்டு போகிறார். அவருக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். பல நாடுகளில் இது நேரடியான குற்றம். ஹோட்டல் வாசலில் கார் நிறுத்தித் தரும் பையனிடம் சாவி கொடுப்பதும் இதே வகைதான். காரை சர்வீசுக்கு விடும்போது டிக்கியைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட்டு விடுவது என் வழக்கம். வீட்டிலும் பெட்டிச் சாவி இருக்கும் இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். குடும்பத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் இல்லை. ஏதாவது நடந்தால் அவர்களை யாரும் விசாரிக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதால்.

சரி, காரில் எப்படிக் கொண்டு போவது? ரைஃபிளின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலுக்குள் போட்டு, பூட்டிய பெட்டியில் ரைஃபிள். தோட்டா தனியாக, இன்னொரு பூட்டிய டப்பாவில். போல்ட்டை நான் ரைஃபிளோடு வைப்பதில்லை. யாராவது கண்ணாடியை உடைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அவர்கள் கையில் இருப்பது சுட முடியாத இரும்பாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் காரில் என்ன இருக்கிறது என்று தெரியவே கூடாது. கிளப் ஸ்டிக்கர், துப்பாக்கி படம், கம்பெனி லோகோ எதையும் பின் கண்ணாடியில் ஒட்டாதீர்கள். ஒட்டுகிறவர்களின் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காரில் துப்பாக்கி இருக்கலாம், பின்தொடர்ந்து போனால் வீடும் தெரியும் என்று அந்த ஸ்டிக்கர் திருடனுக்குச் சொல்கிறது.

போகும் வழியில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலிருந்து ரேஞ்ச், ரேஞ்சிலிருந்து வீடு. மளிகை, மருந்துக் கடை, நண்பர் வீடு எல்லாம் துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகு. நீண்ட பயணம் என்றால் இரண்டு பேராகப் போவது நல்லது, ஒருவர் இறங்கினால் மற்றவர் காரில் இருப்பார். அந்த மற்றவரும் உரிமம் உள்ளவராக இருந்தால் இன்னும் நல்லது.

போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும். வண்டியைச் சோதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள் திறந்து பார்ப்பதற்கு முன்பே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். உரிமம் எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு, எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். சில இடங்களில் இப்படி முதலிலேயே சொல்வது சட்டப்படி கட்டாயம். விபத்து நடந்தாலும் இதேதான். காயம்பட்டவர்களைக் கவனித்த பிறகு, வருகிற முதல் அதிகாரியிடம் டிக்கியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஆள் வந்தால், துப்பாக்கிப் பெட்டி உங்களோடு வரவேண்டும், வண்டியோடு போகக்கூடாது.

அப்புறம் அந்த ஒற்றைத் தோட்டா. என் பார்வையில் இந்தப் பொழுதுபோக்கில் நல்ல மனிதர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவதில் இதற்கு இணை இல்லை. .22 தோட்டா உங்கள் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான். ஜாக்கெட் பையிலோ, சீட்டுக்கு அடியிலோ, பயணப் பையின் மடிப்பிலோ ஒன்று தங்கிவிடும். அதே பையோடு விமான நிலையம் போவீர்கள், ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும். எனவே துப்பாக்கிக்கென்று ஒரு பை, பயணத்துக்கென்று வேறு பை. இரண்டும் எந்தக் காலத்திலும் மாறக்கூடாது. காரை மாதம் ஒருமுறையாவது சீட்டை நகர்த்தி, மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். காரில் நாட்டு எல்லை தாண்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 2014-இல் அமெரிக்க மரைன் படையைச் சேர்ந்த ஒருவர் தன் வண்டியில் மூன்று துப்பாக்கிகளோடு மெக்சிகோவுக்குள் போய்விட்டார். தவறான பாதையில் திரும்பிவிட்டேன் என்றார். ஏழு மாதம் அங்கே சிறையில் இருந்தார். அவர் ஊரில் அந்தத் துப்பாக்கிகளை வைத்திருப்பது சட்டப்படி சரிதான். சாலையில் ஒரு கோட்டைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிட்டது.

வெயிலைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூடிய கார் வெயிலில் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வெளிச்சூட்டைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். .22 போட்டித் தோட்டாக்களின் ஈயக் குண்டில் மெழுகு போன்ற பூச்சு இருக்கும். சூட்டில் அது இளகி வழிந்தால் ஒரே பெட்டித் தோட்டாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி போகும். துல்லியத்துக்காகப் பணத்தைக் கொட்டி வாங்கிய தோட்டாவை டிக்கியில் வேகவிடுவது எனக்கு மனசே வராத காரியம். அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் ஏர் ரைஃபிள் சிலிண்டர் இன்னும் கவனம் கேட்பது. 20 டிகிரியில் 200 பார் (அழுத்தத்தின் அளவு) நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரியில் ஏறக்குறைய 227 பார் ஆகிவிடும். சாதாரண இயற்பியல்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டருக்கு ஆயுள் வரம்பும் உண்டு, சர்வதேசப் போட்டிகளில் தயாரித்த தேதியிலிருந்து பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரை அனுமதிக்க மாட்டார்கள். தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும். பழைய ரைஃபிள் வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

ஏசி ஓடிய குளிர்ந்த காரிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு எடுத்தால் இரும்பின் மேல் நீர் பூத்துவிடும். பெட்டியை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியில் வைத்திருந்து, சூடு சமமான பிறகு திறங்கள். வீட்டுக்கு வந்ததும் ரைஃபிளைப் பஞ்சு வைத்த பயணப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துரு அங்கேதான் தொடங்கும். சாலை அதிர்வில் குறிபார்க்கும் சைட்டின் திருகுகள் தளர்வதும் சகஜம். ரேஞ்சில் இறங்கியதும் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நான் முதல் குண்டைப் போடுவேன்.

பூட்டி வைப்பதைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கத் துப்பாக்கி சுடும் வீரர் மேத்யூ எம்மன்ஸ் ஞாபகத்துக்கு வருகிறார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குக் கொஞ்ச மாதங்களுக்கு முன்னால், பயிற்சி மையத்தில் வைத்திருந்த அவருடைய ரைஃபிளை யாரோ சேதப்படுத்திவிட்டார்கள். இரவல் ரைஃபிளோடு போய் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். அந்த மன உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் உங்களுக்கும் எனக்கும் இதில் உள்ள பாடம், எவ்வளவு நம்பகமான இடமாக இருந்தாலும் உங்கள் பூட்டு அதில் இருக்க வேண்டும் என்பதுதான்.

உடம்பைப் பற்றிச் சில விஷயங்கள். .22 ரைஃபிள் சத்தமே 140 டெசிபல் பக்கம் வரும், ஒரே வெடிப்பில் காதைக் கெடுக்கக்கூடிய அளவு. காதுக் கவசம் இல்லாமல் ஒரு குண்டுகூட வேண்டாம். சுட்டு முடித்ததும் கையில் ஈயத் துகள் இருக்கும். குண்டிலிருந்து மட்டும் இல்லை, தோட்டாவின் பற்றவைப்பு மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. அதே கையோடு ஸ்டியரிங் பிடித்தால் அது காருக்குள் தங்கிவிடும், பின் சீட்டில் குழந்தை உட்காரும். கிளம்பும் முன் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேல்சட்டையை மாற்றிப் பையில் போட்டுக் கட்டுங்கள். சுடும்போது போடும் பூட்ஸுக்கு அடிப்பகுதி தட்டையாக, விறைப்பாக இருக்கும். அதோடு பிரேக்கை மிதிப்பது ஆபத்து, ஓட்டுவதற்கு வேறு செருப்போ ஷூவோ வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது யாருக்கும் கூடாது. நமக்கு அதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. பல நாடுகளில் துப்பாக்கி உரிமம் கொடுப்பவர்கள் விண்ணப்பதாரரின் நடத்தையைப் பார்க்கிறார்கள், போதையில் ஓட்டிய வழக்கு அதில் கட்டாயம் கணக்கில் வரும். சாலையில் ஒரு ராத்திரி காட்டிய அலட்சியம் ரேஞ்சுக்குப் போகும் உரிமையையே எடுத்துவிடலாம். அது நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலான கார் பாலிசிகள் காரைத்தான் காக்கும், உள்ளே இருக்கும் ரைஃபிளை அல்ல. தனியாக எடுக்க வேண்டியிருந்தால், பயணத்தின்போதும் செல்லுமா, ஆளில்லாத காரிலிருந்து திருடு போனால் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர் கார் மாற்றும் யோசனையில் இருந்தால் ஒரு விஷயம். போட்டி ரைஃபிள் பெட்டி பொதுவாக 1.2 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். சிறிய கார்களின் டிக்கியில் அது குறுக்கே அடங்காது. பின் சீட்டை மடக்கினால் அடங்கும், ஆனால் கண்ணாடி வழியாக எல்லோருக்கும் தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், டிக்கியை மூலைக்கு மூலை அளந்து, மேல் மூடி சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள்.