மச்சினன் விற்கும் சோலாருக்கு என் பெயரில் கடனா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. சம்பளம் கைக்கு 62,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது, கரண்ட் பில் சுமார் 1,300 ரூபாய். சோலார் டீலர்ஷிப் எடுத்திருக்கும் என் மச்சினன் 3.25 லட்சத்துக்கு 5 கிலோவாட் போடச் சொல்கிறார். பெர்சனல் லோனும் அவரே ஏற்பாடு செய்கிறாராம்: 14 சதவீத வட்டி, 5 வருடம். இனி பவர்கட்டே தெரியாது என்கிறார். முன்பு அவர் கடை வைக்க என் பெயரில் எடுத்த 2 லட்சத்துக்கும் நான்தான் தவணை கட்டுகிறேன். மறுத்தால் வீட்டில் மனஸ்தாபம் வரும். என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கடனுக்குத் தவணை மாதம் 7,560 ரூபாய் வரும். உங்கள் பில் அடியோடு இல்லாமல் போனாலும் மாதம் மிச்சமாவது 650 ரூபாய்தான். சோலாருக்கு மத்திய அரசு தரும் மானியம் 78,000 வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டினாலும் தவணை 5,700-க்குக் கீழே இறங்காது.

1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் மாதம் 600 யூனிட். உங்களுக்குத் தேவை 210. அதோடு, அந்த மானியம் 3 கிலோவாட்டோடு நின்றுவிடும்; மேலே போடும் 2 கிலோவாட் முழுக்க உங்கள் காசு. பவர்கட் விஷயமும் சரியில்லை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காகத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் அடுத்து லித்தியம் பேட்டரி என்று இன்னொரு கொட்டேஷன் வரும். அதுவும் வேண்டாம்.

உங்களை அரிப்பது கரண்ட் பில் இல்லை. மச்சினனின் தொழிலுக்கு உங்கள் பெயரில் கடன் வாங்கும் பழக்கம். போன தடவை கடை, இந்தத் தடவை அவருடைய விற்பனை. முதலில் மனைவியிடம் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, அந்த 2 லட்சத்துக்கு இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அப்புறம் மச்சினனிடம் பழைய தவணையைக் கேளுங்கள், பாதியாவது. அது முடியும்வரை புதுக் கடன் கிடையாது என்று நீங்களும் மனைவியும் சேர்ந்தே சொல்லுங்கள்.

சோலார் ஆசை இருந்தால் பிறகு 2 கிலோவாட் போதும். மானியம் 60,000. அந்தப் பணம் டீலருக்குப் போகாது, இணைப்பு வந்த பிறகு உங்கள் கணக்குக்கே வரும். மீதியைச் சேமிப்பிலிருந்து போடுங்கள். வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கி, விலை ஒத்துவந்தால் மச்சினனிடமே வாங்குங்கள்.