போரைச் சொல்லுதல், வீரரை மதித்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா இராணுவத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து வளர்ந்ததால் போர்வீரர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. நீங்கள் ஓர் உரையில் குறிப்பிட்ட யூஜீன் ஸ்லெட்ஜின் போர் நினைவுநூலை அண்மையில் வாசித்தேன். இரண்டாம் உலகப்போரில், பசிபிக் கடலின் பெலிலியு தீவில் அமெரிக்க வீரர்கள் ஜப்பானியரின் வாயிலிருந்து தங்கப்பற்களைப் பெயர்த்தெடுக்கும் பகுதி வந்ததும் நூலை மூடிவிட்டேன். மீண்டும் எடுத்து முடிக்கச் சில நாட்கள் ஆயின. தன் தோழர்களை இவ்வளவு மதிக்கும் ஒருவர் இதை ஏன் எழுத வேண்டும்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வீரர்கள் மீதான மதிப்பு எஞ்சுமா? போரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத என் மாமாவிடம் இந்நூலைக் கொடுக்கலாமா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நூலை மூடிய அந்தப் பகுதி இருப்பதனால்தான், ஸ்லெட்ஜ் தன் தோழர்களைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு நல்ல சொல்லையும் நான் முழுமையாக நம்புகிறேன்.

நூலை வாசிக்காதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அலபாமாவின் மொபைல் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்த ஸ்லெட்ஜ், அதிகாரியாவதற்கான பயிற்சியில் இடம் கிடைத்திருந்தும், தான் போய்ச் சேர்வதற்குள் போர் முடிந்துவிடுமோ என்ற தவிப்பில் அதை விட்டு விலகி, கடல்வழி வந்து கரையேறித் தாக்கும் படையான அமெரிக்க மரைன்களின் முதலாம் டிவிஷனில், சாதாரண வீரராக, மோர்ட்டார் எனும் சிறு குண்டுவீச்சுப் பீரங்கியை இயக்கும் குழுவொன்றில் சேர்ந்தவர். அவர் சென்று சேர்ந்த கே கம்பெனியில் முந்தைய பசிபிக் போர்க்களங்களான குவாடல்கனாலிலும் கேப் குளோஸ்டரிலும் போர் கண்ட மூத்தவர்கள் இருந்தனர். 1944 செப்டம்பர் 15 அன்று அவர்கள் பெலிலியுவில் கரையேறினர். சில நாட்களில் முடிந்துவிடும் என்று தளபதி சொன்ன சண்டை இரண்டு மாதங்களைத் தாண்டி நீண்டது. ஜப்பானியர் கடற்கரையில் மோதி அழிவதை விடுத்து, உள்ளிருந்த சுண்ணாம்புக்கல் முகடுகளின் குகைகளுக்குள் அமர்ந்து, ஒவ்வொரு குகைக்கும் விலை கேட்டார்கள். பவளப்பாறைத் தரையில் பதுங்குகுழி வெட்ட முடியாது, பிணங்களைப் புதைக்க முடியாது, மலத்தை மூடவும் மண் கிடையாது. வெயில் நிழலிலேயே 46 டிகிரியைத் தொட்டது. குடிப்பதற்கு வந்த நீரோ எண்ணெய்ப் பீப்பாய்களில் அடைத்து வந்த துருவேறிய நீர். ஏறக்குறைய 235 பேராகக் கரையேறிய அந்தக் கம்பெனியில் காயமின்றித் திரும்பியவர்கள் 85 பேர் மட்டுமே.

இந்த இடத்தில்தான் தங்கப்பல் வருகிறது. முதலில் ஒருவர் உயிர் இன்னும் பிரியாத ஜப்பானியரின் வாயைக் கத்தியால் கிழிப்பதைக் கண்டு ஸ்லெட்ஜ் அதிர்கிறார். பிறகொரு நாள் அவரே கத்தியோடு ஒரு பிணத்தின் மீது குனிகிறார். படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர் அவரைத் தடுத்து, கிருமி தொற்றிவிடும் என்கிறார். கிருமி ஒரு சாக்கு என்பதும், தன்னுள் எஞ்சியிருந்த மனிதத்தன்மையை அந்தத் தோழர் காப்பாற்ற முயன்றார் என்பதும் ஸ்லெட்ஜுக்குப் பின்னர்தான் விளங்குகின்றன. தான் கத்தியோடு குனிந்ததை அவர் மறைத்திருந்தால் அந்த மருத்துவ உதவியாளர் செய்தது என்ன என்று நமக்குத் தெரிந்தே இருக்காது. ஒருவர் மற்றவரைக் குண்டிலிருந்து காப்பாற்றிய கதைகள் போர் இலக்கியத்தில் ஏராளம். தன் தோழர் வேறொருவராக மாறிவிடாமல் காப்பாற்றிய கதை அரிது, அதைச் சொல்வதற்கு முதலில் தன் கையில் இருந்த கத்தியைச் சொல்லியாக வேண்டும்.

கம்பெனியின் தலைவர் கேப்டன் ஆண்ட்ரூ ஹால்டேன் மீது ஸ்லெட்ஜ் கொண்ட பெரும் மதிப்பையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். சுற்றிலும் மனிதர்கள் கரடுமுரடாகிக்கொண்டிருந்தபோது குரலை உயர்த்தாமல், வீரர்களை இழிவுபடுத்தாமல் நடந்துகொண்டவர் அவர். அக்டோபர் 12 அன்று அவர் கொல்லப்பட்டதைப் பெற்றோரில் ஒருவரை இழந்ததைப் போன்றது என்கிறார் ஸ்லெட்ஜ். எல்லோரும் கண்ணியமாக நடந்துகொள்ளும் ஒரு போரை நமக்குக் காட்டியிருந்தால் ஹால்டேனின் மென்மை ஒரு சாதாரண நற்குணமாகத் தோன்றிக் கடந்து போயிருக்கும். எல்மோ ஹேனி என்ற இன்னொருவர் முதல் உலகப்போரிலேயே போரிட்டவர், இளைஞர்கள் வியந்து பார்த்த பழைய மரைன். அவரே பெலிலியுவில் சில நாட்களுக்குப் பின், இது தன்னால் ஆகாது என்று பின்களத்துக்குச் சென்றுவிடுகிறார். ஸ்லெட்ஜின் எழுத்தில் அவரைப் பற்றி ஏளனத்தின் நிழல்கூட இல்லை. அப்படிப்பட்டவராலேயே தாங்க முடியவில்லை என்றால் அந்தச் சண்டை எத்தகையது என்பதற்கான அளவாகவே அதை எடுத்துக்கொள்கிறார். இந்த இடத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இரத்தத்தையும் சதையையும் காட்டுவதே நேர்மை என்று நான் சொல்லவில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணக்களத்தில் கூழ் சமைக்கின்றன. போரின் கோரம் அங்கே மறைக்கப்படவில்லை, ஆயினும் அந்தக் கோரம் முழுவதும் வென்ற அரசனின் புகழாகிவிடுகிறது. இன்றைய போர்ப்படங்கள் பலவற்றிலும் சிதறும் உடல்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்லெட்ஜ் சொல்லும் ஒரு நிகழ்ச்சியில் இரத்தமே பெரிதாக இல்லை. இரவில் மனம் பேதலித்துக் கத்தத் தொடங்கிய தோழர் ஒருவரை எதுவும் அடக்கவில்லை. அந்தச் சத்தம் எல்லோரையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மண்வெட்டியால் அடிக்கிறார்கள், விடிந்தபோது அவர் இறந்துகிடக்கிறார். அடித்தவரின் பெயரை ஸ்லெட்ஜ் சொல்லவில்லை, நிகழ்ந்ததை ஒளிக்கவுமில்லை. அங்கே இருந்தவர்கள் எஞ்சிய காலம் முழுவதும் சுமக்க வேண்டியிருந்தது எது என்பதைப் பதக்கங்களின் பட்டியல் நமக்குச் சொல்லாது.

அந்நூலில் எனக்குக் குறையாகப் படுவதையும் சொல்ல வேண்டும். எதிரில் இருந்த ஜப்பானியர், மிகச் சில கணங்களைத் தவிர, முகமற்றவர்களாகவே இருக்கிறார்கள். அன்று தனக்குள் எரிந்த வெறுப்பை வயதான காலத்தில் மெருகிட்டு மென்மையாக்க ஸ்லெட்ஜ் விரும்பவில்லை. அதை ஒப்புக்கொண்டு எழுதுகிறார். பெலிலியுவைத் தாக்கவே தேவையில்லை என்று அமெரிக்கக் கடற்படைத் தளபதி அட்மிரல் ஹால்சி முன்பே பரிந்துரைத்தார், அது ஏற்கப்படவில்லை. அந்த முடிவைக் கடுமையாக விமர்சிக்கும் ஒருவரால், அதன்படி கரையேறிய இளைஞர்களை முழுமனதோடு மதிக்கவும் முடியும். நான் இரண்டையும் செய்கிறேன்.

போருக்குப் பின் ஸ்லெட்ஜ் உயிரியல் பேராசிரியரானார். வேட்டையை விட்டுவிட்டார். கொடுங்கனவுகள் நெடுங்காலம் தொடர்ந்தன. களத்தில் சட்டைப்பையில் இருந்த புதிய ஏற்பாட்டுப் பிரதிக்குள் இரகசியமாக எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து, தன் குடும்பத்தினருக்காகவே எழுதத் தொடங்கிய நூல் 1981இல்தான் வெளிவந்தது. அவருக்கே அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை உங்கள் மாமாவின் மௌனத்தைப் பற்றி யோசிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

நூலை அவரிடம் கொடுக்கலாம். ஆனால் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், களத்தில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்காதீர்கள். நீங்கள் படித்து முடித்ததை மட்டும் சொல்லி, அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். எப்போதாவது அவரே பேசத் தொடங்கினால், அவருடன் இருந்தவர்களைப் பற்றிக் கேளுங்கள்: யார் சமைத்தார்கள், யார் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், முதல் நாள் அவருக்கு யார் எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று. அவர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் குறுக்கிடாமல் கேளுங்கள்.

அன்புடன்.