உத்திரமேரூரை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக நண்பர்களிடம், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழ்நாட்டில் மக்களாட்சி இருந்தது என்றேன். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் எடுத்துச் சொன்னேன். “அது பிராமணர் ஊராயிற்றே, மற்றவர்களுக்கு அங்கே ஓட்டு இருந்ததா?” என்று ஒருவர் கேட்டார். பதில் வரவில்லை. கல்லில் வெட்டிய சான்று இருந்தும் எங்கே சறுக்கினேன்?

ம.

அன்புள்ள ம.,

சான்று நல்ல சான்று. அது தாங்காத முடிவை அதன் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூர்ச் சபை எடுத்த முடிவுகள் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. ஊர்ப் பொறுப்புகளைப் பார்க்கும் குழுக்களுக்கு ஆள் எடுக்க, முப்பது குடும்புகளிலும், அதாவது ஊரின் முப்பது பிரிவுகளிலும், தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை நடுவராக இருக்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்க வழியே இல்லை! பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது.

அதே கல்வெட்டுதான் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) வரிநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நண்பரின் கேள்விக்கான பதில் உங்கள் சான்றிலேயே இருந்தது. அந்த வரிகளை நீங்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நடந்தது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல என்பதையும்தான்.

அப்புறம், ஓர் ஊரை வைத்து நாடு முழுவதையும் பேசுவது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில், சுமார் 800ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்றும் சபை உறுப்பினருக்கான தகுதிகளைச் சொல்கிறது. இதைச் சேர்த்தால், உத்திரமேரூர் மட்டும் தனியாக இப்படி இருக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் உத்திரமேரூரைப் போல மானூரும் பிரமதேயம்தான், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். எல்லோருக்கும் உரிமை இருந்தது என்று காட்ட, இதே வகைச் சான்று இன்னும் பத்துக் கிடைத்தாலும் பயனில்லை. பிரமதேயம் அல்லாத ஊர்களின் கல்வெட்டுகளில் தேட வேண்டும்.

நானாக இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: பத்தாம் நூற்றாண்டில் நிலமும் கல்வியும் உள்ளவர்களை மட்டும் பொறுப்புக்கு எடுத்த ஒரு சபை, ஊர்க்கணக்குக் காட்டாதவரை உறவோடு விலக்கி வைக்கும் விதியைக் கல்லில் வெட்டியது. இதை உங்கள் நண்பர் மறுக்க மாட்டார். எனக்கு இந்த ஒரு விதியே பெருமைக்குப் போதும்.