தாதிய உதவியாளர் வந்தும் கிளினிக் வரிசை குறையவில்லை, அவர் பார்த்த பிரசரைத் தாதி திரும்பவும் பார்க்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவரை மருந்து கொடுக்கிற இடத்திலிருந்து எடுங்கள். டொக்டரின் அறைவாசலில் மேசை போட்டு இருத்துங்கள். பிரசர், நிறை, கொப்பியில் பதிவு, இவ்வளவும் அவருடைய வேலை.

தாதி ஏன் திரும்பவும் பிரசர் பார்க்கிறார்? உதவியாளரை "உதவிக்கு" என்று அனுப்பிவிட்டு, என்ன வேலை என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்கள். வழக்கமான கதைதான்.

அடுத்த கிளினிக்கில் பத்துக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு பிரசர் அளவு இருந்தால், வரிசை குறையாததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம், ஒட்டுசுட்டான் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த ஐயாவுக்கு உடனே பிரசர் பார்க்கிற பட்டியைக் கையில் கட்டினால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா இருக்க விடட்டும். அந்த நேரம் அவரோடு கதைக்கவும் கூடாது.

ஊசியும் மருந்தளவும் உதவியாளர் கைக்குப் போகக்கூடாது. பிரசர் 180/120ஐத் தாண்டினால் வரிசை பார்க்காமல் நேரே டொக்டரிடம்.