காலி ரூம்ல அடிச்ச பெல்

கடிதம்:

வணக்கம் அக்கா. பகல்ல நாய் பூனை ஷெல்டர்ல வேலை, வாரத்துல மூணு ராத்திரி ஒரு முதியோர் இல்லத்துல நைட் டியூட்டி. நீங்களும் இந்த ரெண்டு வேலையும் பாத்தவங்கன்னு முன்னாடி எழுதியிருந்தீங்க, அதான் கேக்கறேன். போன மாசம் ஒரு பாட்டி தவறிட்டாங்க. உடம்பைத் துடைக்க ஒருக்களிச்சுத் திருப்பினப்ப "ம்ம்ம்"னு முனகல் சத்தம் வந்துச்சு, துணியைப் போட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் அவங்க காலி ரூம்லேர்ந்து ரெண்டு ராத்திரி பெல் அடிச்சுது. ஷெல்டர்ல ஒரு நாய் தினமும் ஒரே மூலையைப் பாத்து உறுமுது. இப்ப பக்கத்து ரூம் தாத்தா "அந்தக் குழந்தைங்களை வெளிய அனுப்பும்மா"ங்கறார், அங்க யாருமே இல்ல. கூட இருக்கறவங்க இதெல்லாம் சகஜம்னு சிரிக்கறாங்க. வேலையை விட்றலாமான்னு இருக்கு. (பேர் போட வேணாம்.)

பதில்:

தங்கச்சி, நீ துணியைப் போட்டுட்டு ஓடின, நான் செருப்பை விட்டுட்டு ஓடினவ. அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல. டயபர் மாத்தறது, சோறு ஊட்டறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கறது எல்லாம் முதல் நாளே சொல்லித் தர்றாங்க, ஆனா உயிர் போன அப்புறமும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து இருக்கும், திருப்பறப்ப நெஞ்சு அமுங்கி அது தொண்டை வழியா வெளிய வர்றப்ப முனகற மாதிரியே சத்தம் வரும்னு ஒருத்தரும் சொல்லித் தர்றதில்ல. அது மட்டும் எனக்கு இன்னைக்கும் கோவம்.

ஷெல்டர்லயும் இதேதான். ரொம்ப முடியாத ஒரு கிழட்டு நாய்க்கு டாக்டர் ஊசி போட்டு, ஸ்டெத் வெச்சுப் பாத்து முடிஞ்சுதுன்னு சொல்லிட்டார், என் கை அது விலா மேல இருக்கு, ஒரு நிமிஷம் கழிச்சு கைக்குக் கீழ விலா எழும்புது! ஒரு பெரிய மூச்சு, அப்புறம் இன்னொண்ணு. கண்ணும் திறந்தேதான் இருந்துச்சு. இதயம் நின்ன அப்புறமும் உடம்பு அப்படி ஒண்ணு ரெண்டு தடவை இழுக்கும், தசை துடிக்கும். நல்ல டாக்டருங்க வளர்த்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுவாங்க.

பெல் விஷயம் எனக்கும் நடந்திருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஆள் இல்லாத ரூம்லேர்ந்து. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு போய்ப் பாத்தா, படுக்கைப்புண் வராம இருக்க போடற ஏர் பெட்டை யாரும் ஆஃப் பண்ணல, பெல் ஸ்விட்ச் பெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல மாட்டியிருக்கு, அந்தப் பக்கம் காத்து ஏறறப்பல்லாம் அமுங்குது. உங்க ரூம்லயும் இதுவேதான்னு சொல்ல வரல, ஒயர்ல ஈரம் இறங்கினாலும் அடிக்கும், ஒரு தடவை லைட்டைப் போட்டு கையால தடவிப் பாரு.

நாயைப் பத்தி ரொம்ப யோசிக்காத. நம்ம காது நல்லா இருந்தாலே 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும், பூனைக்கு 60,000-த்தையும் தாண்டும். எலிங்க தங்களுக்குள்ள கத்திக்கறது பாதி நம்ம காதுக்கு வராது. செவுத்துக்குப் பின்னாடி பாரு. ஆனா அந்த நாய்க்கு வயசாயிடுச்சுன்னா, மூலையில போய் நின்னுட்டு திரும்பி வர வழி தெரியாம முழிக்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லு, நாய்க்கும் மறதி நோய் வரும்.

எனக்கு தாத்தாதான் கவலை. நீ எழுதினதுல பேய்க்கதை மாதிரி இல்லாதது அது ஒண்ணுதான்.

முந்தி நான் இருந்த ஒரு இல்லத்துல ஒரு தாத்தா, கால்மாட்டுல போலீஸ்காரர் நிக்கறார்னு சொன்னார். நாங்க என்ன பண்ணோம்? டீ குடிக்கறப்ப அதை வெச்சு கதை பேசினோம், அந்த ரூம்ல முன்னாடி யாரு இருந்தா, எப்படி செத்தாங்கன்னெல்லாம். மூணு நாள். ஒருத்தரும் நோட்ல எழுதல, நானும் எழுதல. நாலாவது நாள் காய்ச்சல், யூரின் கலங்கிப் போய் நாத்தம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா யூரின் இன்ஃபெக்ஷன். மருந்து ஏற ஏற போலீஸ்காரர் கிளம்பிட்டார். ஆனா தாத்தா அதுக்கப்புறம் எழுந்து நடக்கவே இல்ல.

வயசானவங்களுக்கு இன்ஃபெக்ஷன், தண்ணி போதாம போறது, புது மாத்திரை, இதுல எது வந்தாலும் திடீர்னு புத்தி குழம்பி இல்லாததெல்லாம் தெரியும். லூயி பாடின்னு ஒரு வகை மறதி நோய், அதுல குழந்தைங்க, மிருகங்கள் தத்ரூபமா தெரியறது ரொம்ப சாதாரணம், அது இருக்கறவங்களுக்கு சில மனநோய் மாத்திரைங்க ஒத்துக்காம ஆபத்தாயிடும், அதனால டாக்டருக்கு இது கட்டாயம் தெரியணும். பார்வை போனவங்களுக்கும் வரும். 1760-லயே சார்ல்ஸ் போனேங்கறவர் தன் தாத்தாவைப் பத்தி எழுதியிருக்கார், கண்ணு மங்கின அவருக்கு மனுஷங்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிஞ்சுது, புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு.

ஆஸ்கர் பூனை கதை கேட்டிருப்ப. அமெரிக்காவுல பிராவிடன்ஸ்ல ஸ்டியர் ஹவுஸ்னு ஒரு இல்லம், அங்க சாகப்போறவங்க பக்கத்துல அந்தப் பூனை போய்ப் படுத்துக்கும்னு டேவிட் டோசாங்கற டாக்டர் 2007-ல ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில எழுதினார், அதுக்குள்ளயே 25 பேருக்கு மேல. வாசனையா, போர்வையோட சூடான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, யாரும் நிரூபிக்கல. எனக்கு அதுல பிடிச்சது பூனை இல்ல, அங்க வேலை பாத்தவங்க. பூனை படுத்தா உடனே வீட்டுக்காரங்களுக்கு ஃபோன் பண்ணிடுவாங்க, கடைசி நேரத்துக்கு பிள்ளைங்க வந்து சேர்ந்துடும். நாங்க டீ குடிச்சோம்.

வேலையை விடறதா வேணாமாங்கறது உன் இஷ்டம்மா, இன்னைக்கு ராத்திரி முடிவு பண்ண வேணாம். தாத்தாகிட்ட யாரும் இல்லன்னு வாதாடாத, "அனுப்பிடறேன் தாத்தா, நீங்க பயப்படறீங்களா?"ன்னு கேளு, லைட்டைப் போடு. குழந்தைங்க எப்பலேர்ந்து வர்றாங்க, ராத்திரி மட்டுமா, தண்ணி எவ்வளவு குடிச்சார், யூரின் எப்படி போகுது, கண்ணாடி போட்டிருந்தாரா, புது மாத்திரை ஏதாவது உண்டா, எல்லாத்தையும் நேரம் போட்டு நோட்ல எழுதி, காலைல ஷிஃப்ட் மாறறப்ப நர்ஸ்கிட்ட வாயாலயும் சொல்லிட்டு வீட்டுக்குப் போ. தாத்தாவுக்கு காய்ச்சலா இருந்தா காலைக்காக காத்திருக்காத, அப்பவே நர்ஸை எழுப்பு.